மூன்றாவது ராடின் இரண்டாம் போல்ட்

எஞ்சின் சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுலோசனாவின் காதுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடித்த கண்ணாடிக்கு அப்பால், சோதனை அறையின் நடுவே, எஞ்சினின் வலுவை அளக்கும் டைனோவின் இரும்புத் தாங்கியில் பூட்டப்பட்டு, எந்தக் காரிலும் ஏறாமலே ஒரு காரின் சுமையைச் சுமந்துகொண்டு, அது நிதானமான வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. புதிதாகக் கட்டிய பந்தய எஞ்சினை முதலில் இப்படித்தான் பழக்க வேண்டும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இசைந்துகொள்ளும்வரை அதை அதட்டக் கூடாது. இசைந்த பிறகு முழு இழுவை: திராட்டிலைக் கடைசிவரை திறந்து, முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை விடுவது. அதற்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. கட்டுப்பாட்டு மேசையில் தம்பி சண்முகம், ஒரு கையில் தேநீர் டம்ளரும் மறு கையில் திராட்டில் பிடியுமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற அவன் மகள் பிரணிதா, சனிக்கிழமை சென்னைத் தடத்தில் இதே எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறவள், வறுத்த கடலையைத் தோலுரித்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்கத்தை, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க? உக்காருங்க" என்றாள். "நீ தின்னு அம்மிணி" என்று சொல்லிவிட்டுச் சுலோசனா நின்றுகொண்டே இருந்தாள். எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தது. நீரின் சூடு சரியாக இருந்தது. புகைக்குழாய் நான்கும் ஒரே நிறத்தில் பழுத்துக்கொண்டு வந்தன. ஆயினும், கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டின் நூலொன்று இரும்புப் பிசிறில் மாட்டிக்கொண்டதுபோல, உள்ளே எங்கேயோ ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. கையை விலக்கினால் கூடவே வந்தது, அருகில் கொண்டுபோனால் தொய்ந்தது, எதில் மாட்டியிருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

அந்த இழுப்பு அவளுக்குப் புதிதன்று. அது அவளோடு குடியிருக்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாயிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்தபின், அடுப்பை அணைத்தாயா என்று கேட்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால் அணைந்திருக்கும். பார்த்துவிட்டு மறுபடி தெருமுனைக்கு வந்தால், அணைந்திருந்ததைப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று கேட்கும். கேட்கிற குரல் மிகவும் மரியாதையான குரல். கல்லூரியில் அவளுக்கு இயற்பியல் நடத்திய பேராசிரியையின் குரலைப் போலத் தாழ்ந்தும் பொறுமையாகவும், விடை தெரிந்தும் சொல்லாததாகவும் இருக்கும். வீட்டோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. அது கணபதிப் பகுதியில் இருந்த அவர்கள் பட்டறைக்கும் பின்தொடர்ந்து வந்துவிட்டது. பொங்கல் கழிந்து கட்டிய ஓர் எஞ்சினை, ஓடத் தொடங்கியபின், நிறுத்து, பிஸ்டனைத் தாங்கும் ராடு ஒன்றின் மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டேன் என்று சொல்லிப் பிரிக்கவைத்தாள். மூடி நேராகவே இருந்தது. ஆடியில் இன்னொரு எஞ்சின், அதற்கும் இதே கதைதான். சண்முகம் கோபித்திருக்கலாம், கோபித்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவனோ பட்டறையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சிரித்தான்: "எங்கக்கா எஞ்சினுக்குச் சிசேரியன் பண்ணிப்போட்டு, புள்ளை நல்லாத்தான் இருக்குதுன்னு திரும்பத் தெச்சு மூடிருச்சு." அவளிடம் தொழில் கற்ற கதிரேசன் சிரித்தான், கடைசல் எந்திரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். முப்பதாண்டுக் காலமாக இந்த ஊர்ப் பந்தயக்காரர்கள், சுலோசனாக்கா கை பட்ட ராடு என்றால் தடத்தில் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அந்தச் சிரிப்பு எங்கோ ஓரத்தில் ஒரு வெடிப்பு விட்டது. ஆகவே இப்போது இழுப்பதும் அந்தப் பழைய நோயாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு நாற்காலி போடக் கூடாது. அது வரும்போது பார்வையை வேறொன்றின்மேல் வைக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு வைத்தியம் விதித்திருந்தாள். வைத்தியப்படி, முள்ளிலிருந்து கண்ணை எடுத்துத் தன் கைகளைப் பார்த்தாள்.

வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது. அது சமையல் மஞ்சள் இல்லை. குறியிடும் பேனாவின் பெயிண்ட், சோப்புக்கு அசையாதது. இது எப்படி இங்கே வந்தது? அவள் விரலில் பெயிண்ட் படுவதில்லை. படுகிற மாதிரி வேலை செய்கிறவர்களை அவள் கண்டிப்பவள். பிஸ்டனையும் கிராங்கையும் பிணைக்கிற ராடின் அடிவாயை மூடிப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். இரண்டையும் முதலில் பாதி இறுக்க வேண்டும். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு, குறித்த இறுக்கம் வந்துவிட்டது என்று ரெஞ்சு உள்ளங்கையில் டிக்கென்று உதைக்கும்வரை முழுதாக இறுக்கி, இறுக்கத்தில் அந்தப் போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மைக்ரோமீட்டரால் அளந்து, அளவு பொருந்தினால் அதன் தலையிலிருந்து ராடின் மூடிவரை மஞ்சளால் ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும். அதற்குப் பிறகே அடுத்தது. இந்தப் பட்டறையில் அளவை எழுதிவைக்கும் வழக்கமில்லை. அந்தக் கோடுதான் சத்தியம். கோடு விழுந்த போல்ட்டை வேறொருவர் தொடுவதுமில்லை, கேள்வி கேட்பதுமில்லை. கோடு மெல்லியதாக இருக்கும், ஒழுகாது. ஒழுகினால் விரலில் படும். நேற்றுப் பிற்பகல் ஒழுகியது. ஆம், ஒழுகியது, ஏனென்றால் அதற்கு முன் பேனா வற்றியிருந்தது. மூன்றாவது ராடின் முதல் போல்ட்டை இறுக்கி, அளந்து, கோடு இழுக்கப் போனபோது முனை காய்ந்து வறட்டு வறட்டென்று தேய்ந்தது. குலுக்கினாள். மேசையில் குத்தினாள். மறுபடி குலுக்கினாள். அப்புறம் குபுக்கென்று ஒரு சொட்டு கட்டைவிரலில் வழிய, முனை நனைந்தது. நனைந்திருக்கும்போதே முதல் போல்ட்டுக்குக் கோடு இழுத்தாள். நனைந்திருக்கும்போதே,

நனைந்திருக்கும்போதே, மறுபடி காய்ந்துவிடப் போகிறதே என்று, இரண்டாவதற்கும் இழுத்தாள். கை போகிற வழியில் அதையும் தொட்டுவிட்டது. இதோ பேனாவை வைத்துவிட்டு ரெஞ்சை எடுக்கத்தானே போகிறோம் என்று. இறுக்காத போல்ட்டின்மேல் சத்தியம் செய்தாள். பேனாவை மூடினாள். அப்போதுதான், "அக்கா" என்று சண்முகம் கூப்பிட்டான். எஞ்சின் தாங்கியில் சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ராடு போல்ட் முறுக்கும்போது அவள் அந்தத் துணியைத் தொங்கவிடுவாள். அது தொங்கும்வரை அவளோடு யாரும் பேசக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சண்முகமே சொல்வான்: "அந்தத் துணி தொங்குச்சுன்னா, பட்டறை தீப்பிடிச்சாலும் அக்காவைக் கூப்படாதீங்க. நீங்களே அணைச்சுக்கோங்க." அதே சண்முகம் துணியைப் பார்க்காமல், அல்லது பார்த்தும், ஒருவேளை அவள் திரும்பிப் பேச முடியாத நேரம் என்று அதையே தேர்ந்துகொண்டும், அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க்கா. அடுத்த சீசன்ல இருந்து ராடு வேலையைக் கதிரேசன் பாக்கட்டும். இந்த எஞ்சின் நல்லபடியா போயிருச்சுன்னா பாக்கலாம்னு மனசுல இருக்குது, இருந்தாலும்… நீங்க மேல சிலிண்டர் ஹெட்டு வேலையைப் பாருங்க. உங்களுக்கும் ரோதனை இல்ல." அவள் "சரி" என்றாள். அந்தச் சரி அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொன்னபோது நாக்கில் இருந்த இரும்புச் சுவைகூட நினைவிருக்கிறது. பிறகு நான்காவது ராடு நினைவிருக்கிறது, அதன் இரண்டு போல்ட்டும், இரண்டு டிக்கும், இரண்டு அளவும். சரிக்கும் நான்காவது ராடுக்கும் நடுவே வெள்ளையாக இருந்தது.

வெள்ளையாகவா இருந்தது? அவள் கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்கு நெருங்கி நின்றாள். அதிர்வு எலும்புக்குள் இறங்கியது. முறுக்கியிருப்பாய், என்றாள் தனக்குத் தானே. முப்பதாண்டாக முறுக்கும் கை, மனம் எங்கே போனாலும் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் ஓயும். உடனே உள்ளங்கையில் டிக்கென்ற உதை தெரிந்தது. இதோ, இதுதான் அந்த உதை. ஆனால் இது எந்தப் போல்ட்டின் உதை? உதைகளுக்கு முகமில்லை. ஆயிரக்கணக்கான உதைகளில் ஒன்றை எடுத்து இது அதுதான் என்று காட்ட மனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நினைவை இப்படித் தேய்க்கத் தேய்க்க அது வழவழப்பாகிக்கொண்டே போகும். சிலிண்டர் சுவரை அளவுக்கு மீறி வழவழப்பாக்கினால் அதில் எண்ணெய் தங்காது, கீறல் இருந்தால்தான் தங்கும் என்று கதிரேசனுக்குச் சொன்னவள் அவள். இந்த நினைவில் இப்போது எதுவும் தங்கவில்லை. நோயாக இருக்கலாம் அல்லவா? பொங்கலுக்குப் பிறகு, அந்த ராடு மூடி திரும்பியிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக அவள் நம்பவில்லையா? நோய்க்குக் கற்பனை அதிகம். ஆனால் நோய் எப்போதும் மொட்டையாகத்தான் கேட்கும், செய்தாயா, செய்தாயா என்று. அதனிடம் வற்றிய பேனா இராது, விரலில் கறை இராது. கறை இருக்கிறது. கறை இருப்பது பேனா ஒழுகியதற்குத்தானே சாட்சி? போல்ட்டை முறுக்காததற்கு எப்படிச் சாட்சியாகும்? அந்த மரியாதையான குரல் இதைக்கூட அழகாகக் கேட்டது.

"வளையம் உக்காந்துருச்சாட்ட இருக்குது" என்றான் சண்முகம், முள்ளைத் தட்டிப் பார்த்து. "இன்னொரு ரெண்டு நிமிசம். எஞ்சினை ஏத்த வந்த லாரிக்காரன் வேற கேட்டுல நின்னுட்டு ஹாரன் அடிச்சுட்டே இருக்கறான்." கதிரேசன் கதவில் தலையை நீட்டி, "டீ குடிச்சுட்டு நிக்கச் சொல்லீட்டனுங்க" என்றான். அவனுடைய கைகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன. இளமையான, ஐயமில்லாத கைகள். சுலோசனா கணக்குப் போட்டாள். அவளுக்குக் கணக்குப் போடாமல் இருக்கத் தெரியாது. இப்போது நிறுத்தச் சொல்லி, பிரித்து, போல்ட் இறுக்கமாக இருந்தால்: மூன்றாவது சிசேரியன், அக்காவுக்குத் தலை சரியில்லை, ராடு கதிரேசனுக்கு. பிரித்து, போல்ட் தளர்ந்திருந்தால்: கோடு போட்டுவிட்டு முறுக்க மறந்தவள், அக்காவை இனி நம்புவதற்கில்லை, ராடு கதிரேசனுக்கு. வாயைத் திறக்காமல் இருந்து, போல்ட் இறுக்கமாகவே இருந்தால் மட்டும், இந்த எஞ்சின் நல்லபடியாகப் போய், அந்த "பாக்கலாம்" நிஜமாகி, ரெஞ்சு அவள் கையில் தங்கும். மூன்று வாசல்களில் ஒன்றே ஒன்று அவள் வீட்டுக்குப் போகிறது. அதற்கு அவள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. சும்மா நின்றால் போதும். நின்றாள். பாதி இறுக்கிய போல்ட் இந்த வேகத்தில் ஒன்றும் செய்யாது, சத்தம்கூடப் போடாது. முழுதாக இறுக்கியது நீண்டு நிற்கிறது, நீண்டிருப்பதாலேயே ராடை விடாமல் பிடிக்கிறது. பாதி இறுக்கியதற்கு அந்தப் பிடி இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் மயிரிழை திறந்து மயிரிழை மூடும். மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் வளைப்பதுபோல, எந்த வளைப்பில் ஒடியும் என்று யாராலும் சொல்ல இயலாது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறை கட்டிய எஞ்சின் ஒன்று இதே அறையில் ராடை வெளியே எறிந்தது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் கைமுட்டி நுழையுமளவு ஓட்டை. பிசைந்த மாவைப் போல முறுகிய ராடைத் தரையிலிருந்து எடுத்தபோது கையுறை பொசுங்கியது. கண்ணாடி முழுவதும் கருத்த எண்ணெய் வழிந்தது. அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகவில்லை. இப்போதும் அந்த நாற்றம் வருகிறதா? மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கடலை வாசனைதான் வந்தது.

"இழுத்தரலாங்களா அக்கா?" இது வழக்கம், ராடு கட்டியவள் சரி என்று சொல்லாமல் அவன் முழு இழுவைக்குப் போக மாட்டான். அவள் கண்ணாடியை விட்டு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து வாயைத் திறந்தபோது, திறந்த வாயிலிருந்து "ம்" என்று மட்டும் வந்தது. அவள் கொடுத்ததா, தானே விழுந்ததா, தெரியவில்லை. சண்முகம் டம்ளரை மேசையில் வைத்தான். பிடி முன்னே போயிற்று. எஞ்சினின் குரல் உயர்ந்தது, தரை நடுங்கியது, மேசைமேல் டம்ளர் தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. முள் ஏறியது. ஒடிந்தால் இப்போது ஒடியட்டும், என்று நினைத்தாள். கண்ணாடி தடித்தது, இப்பால் எல்லாரும் பத்திரம், இரும்புதானே போகும். அந்த நினைப்பில் ஒரு நொடி குளிர்ந்தது. ஒடியாவிட்டால் போல்ட் நன்றாக இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான், இதைவிட நல்ல பரீட்சை ஏது? முள் இன்னும் ஏறியது. ஒடியவில்லை. பார், ஒடியவில்லை. அவள் மூச்சு விடப்போனாள். விடுமுன் அதுவும் மாட்டிக்கொண்டது. எந்த வளைப்பில் ஒடியும் என்று யாராலும் சொல்ல இயலாது என்று இப்போதுதானே சொன்னாய்? இங்கே ஒடியாதது எதை நிரூபிக்கும்? இங்கே தாங்கிவிட்டு, லாரியில் ஏறி, காரில் பூட்டி, சனிக்கிழமை அந்த நீண்ட நேர்ப்பாதையின் கோடியில், வேகம் குறைக்குமுன்… "பாடுது பாருங்க அத்தை!" என்று கத்திக்கொண்டு பிரணிதா அவளைத் தாண்டி ஓடிவந்து கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து நின்றாள். சடையை முன்னால் போட்டிருந்தாள். பின்கழுத்தும் மெல்லிய சட்டைக்குள் முதுகெலும்பின் முடிச்சுகளும் தெரிந்தன. எஞ்சின் இருக்கப்போவது அங்கேதான். அந்த முடிச்சுகளுக்குப் பின்னால், நடுவே ஒரு தகடு, ஒரு பெட்ரோல் தொட்டி, அப்புறம் மூன்றாவது ராடு. இந்தக் கண்ணாடி அங்கே இராது. சுலோசனா தம்பியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, நிறுத்தும் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

சத்தம் இறங்கி, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சண்முகம் திரும்பவில்லை.

"மறுபடியுமா அக்கா?"

"மறுபடியும்தான். மூணாவது ராடு, ரெண்டாவது போல்ட். பிரிச்சுப் பாரு."

"கோடு போட்டிருக்கறீங்க. நானே பாத்தேன்."

"கோடு போட்டிருக்கறேன். முறுக்கல."

அவன் திரும்பினான். "எப்படிங்க்கா, முறுக்காம எப்படி…" நிறுத்தினான். அவன் முகத்தில் நேற்றைய பிற்பகல் மெல்ல வந்து நின்றது. "நான் வந்து பேசினனே, அப்பவா?"

"நீ பேசுனதுனால இல்ல. கோட்டை முன்னாடியே இழுத்தது நான்."

சூடு ஆறக் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரம் முழுவதும் சுலோசனா ஒரு ஸ்டூலில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மனத்தில் ஒரே ஒரு சொல்தான் சுற்றிக்கொண்டிருந்தது, அது என்ன சொல் என்று கவனிக்க அவளுக்குத் துணிவில்லை. சண்முகம் எண்ணெயை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றினான். கதிரேசன் விளக்கைப் பிடித்தான். மஞ்சள் கோடு எண்ணெய்க்கு அடியில் பளிச்சென்று, நேராக, அழகாக இருந்தது. சண்முகம் ரெஞ்சை முழு இறுக்கத்துக்கு வைத்து, அந்தத் தலையில் மாட்டி, இழுத்தான். இறுக்கமான போல்ட் அசையாது. ரெஞ்சு உடனே உதைக்கும். ரெஞ்சு உதைக்கவில்லை. நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி போல்ட்டோடு போயிற்று. கதிரேசன் "ஆத்தீ" என்றான். அப்போது சுலோசனாவுக்கு அந்தச் சொல் கேட்டுவிட்டது: தளர்ந்திருக்கட்டும். இவ்வளவு நேரமும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் இருக்கப்போகிற போல்ட், தளர்ந்திருக்கட்டும், தளர்ந்திருக்கட்டும், எனக்குத் தலை சரியாக இருக்கிறது என்றாகட்டும் என்று. ரெஞ்சு நகர்ந்த கணத்தில் உடம்பெங்கும் பரவியது அச்சம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. வெட்கமில்லாத, குழந்தைத்தனமான மகிழ்ச்சி. நல்லவேளை என்று எல்லாரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தன் மகிழ்ச்சியை அந்தப் பெருமூச்சுகளுக்கு நடுவில் ஒளித்துக்கொள்ள முடிந்தது.

சண்முகம் ரெஞ்சைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு, யாரையும் பார்க்காமல், "கதிரேசா, எட்டும் புது போல்ட் எடு. நீயே முறுக்கு. லாரியை நாளைக்குக் காலைல வரச் சொல்லிரு" என்றான். அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அதில் தயக்கம் இருந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு மனமில்லை. கைகளைத் துடைத்தபடி வெளியே போனான்.

பிரணிதா வந்து ஸ்டூலுக்கு அருகில் தரையில் குந்தி, அத்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கை நடுங்குதுங்கத்தை" என்றாள்.

"நடுங்கட்டும் அம்மிணி" என்றாள் சுலோசனா. "இனி நடுங்கினா என்ன."